விழித்திரைப் படங்கள் வழியே புற்றுநோய்சார் விழித்திரை நோயைக் கண்டறிவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

1976-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, புற்றுநோய் கொண்ட மூன்று நோயாளிகளின் பார்வை இழப்பை விவரித்தது. புற்று கண்ணுக்குப் பரவவில்லை. ஆனாலும் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் அழிந்திருந்தன. உடலில் எங்கோ இருக்கும் கட்டி, தொடாமலேயே கண்ணைக் கெடுக்கிறது என்பதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். இன்று இதைப் புற்றுநோய்சார் விழித்திரை நோய் என்கிறோம்.

இது மிக அரிய நோய். ஆனால் கணிசமான நோயாளிகளிடம், புற்றுநோய் இருப்பது தெரியும் முன்பே கண் தொந்தரவு தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்குக் கண் பரிசோதனை அறைதான் முதல் வாசல். அங்கே நோயைத் தவறவிட்டால் பார்வையும் போகும், புற்றைச் சீக்கிரம் பிடிக்கும் வாய்ப்பும் போகும். பயிற்சியில் இருக்கும் கண் மருத்துவர்கள், ஆப்டோமெட்ரிஸ்டுகள், விழித்திரைப் படம் எடுக்கும் தொழில்நுட்பர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். காரணம் தெரியாமல் பார்வை குறைந்துவரும் ஒருவரும் அவர் குடும்பமும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த விழித்திரைப் படமும் "புற்றுநோய் இருக்கிறது" என்று சொல்லாது. எந்த அடுக்கு, எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக அழிகிறது என்பதை மட்டுமே படம் காட்டும். இந்த மூன்றில் வேகத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

சில கட்டிகள், விழித்திரையில் மட்டும் இருக்க வேண்டிய புரதங்களைத் தாமும் உண்டாக்குகின்றன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது ரெகவரின். ஒளியுணர் செல்களில் இருக்கும் இந்தப் புரதம் கால்சியத்தோடு பிணைவது. அதன் எடை 23 கிலோடால்டன். கட்டியில் அதைக் கண்ட நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதைத் தாக்கும் எதிர்ப்புரதங்களான ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அவை விழித்திரைக்குள் புகுந்து, அதே புரதம் இருக்கும் ஒளியுணர் செல்களைச் சாகடிக்கின்றன. ஆல்ஃபா எனோலேஸ் என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளும் பலரிடம் காணப்படுகின்றன. சிறுசெல் நுரையீரல் புற்று, மார்பகப் புற்று, சினைப்பை, கருப்பை போன்ற பெண் உறுப்புகளின் புற்றுகள் ஆகியவற்றோடு இந்நோய் அதிகம் தொடர்புபடுகிறது.

மெலனோமா என்ற தோல் புற்றின் கதை சற்று வேறு. அங்கே தாக்கப்படுவது ஒளியுணர் செல் அல்ல, அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் இருமுனை செல். பெரும்பாலும் மெலனோமா தெரிந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகே கண் தொந்தரவு வரும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் இது தேவைப்படும்.

முதல் படி: சொல்வதைக் கேளுங்கள்

நோயாளிகள் மூன்று வகைத் தொந்தரவுகளைச் சொல்வார்கள். ஒன்று, இல்லாத ஒளி தெரிவது: மின்னல், பளபளப்பு, ஓயாத நடுக்கம். இரண்டாவது, வெளிச்சம் தொடர்பானது. குச்சி செல்கள் பாதிக்கப்பட்டால் இருட்டில் தடுமாறுவார்கள். கூம்பு செல்கள் பாதிக்கப்பட்டால் பகல் வெளிச்சம் கூசும், நிறங்கள் வெளிறும். மூன்றாவது, பார்வைப் புலத்தில் விழும் ஓட்டைகள், குறிப்பாக நடுப்பகுதியைச் சுற்றி வளையமாக விழும் குருட்டுப் பகுதி. இவை வலி இல்லாமல், சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் முற்றுகின்றன. பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வரும். ஒன்றில் முந்தியும் மற்றதில் பிந்தியும் தொடங்கலாம்.

திடீரென மின்னல் தெரிந்தால் முதலில் விழித்திரைக் கிழிசலும் விழித்திரை விலகலும் இல்லை என்று அன்றைக்கே உறுதிசெய்துகொள்ளுங்கள். அவை இந்நோயைவிடப் பல மடங்கு அதிகம் வருபவை, அவசரமானவை.

அடுத்து, முன்பு இருந்த நோய்களைத் துருவிக் கேளுங்கள். "புற்றுநோய் இருந்ததா" என்று மட்டும் கேட்டால் போதாது. "எப்போதாவது மச்சம் ஒன்றை வெட்டி எடுத்தார்களா" என்று தனியாகக் கேட்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் முதுகில் எடுத்த ஒரு மச்சத்துக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்த நோயாளிக்கும் தோன்றாது. புகைப்பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத இருமல், மாதவிடாய் நின்ற பிறகு வரும் இரத்தப்போக்கு ஆகியவற்றையும் கேளுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் முழுமையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதானவர்களிடம் லேசான கண்புரை எப்படியும் இருக்கும். பார்வைக் குறைவு முழுவதையும் அதன் தலையில் போட்டு அறுவை சிகிச்சைக்கு அனுப்பிவிடுவது எளிது. புரையின் அளவுக்கும் சொல்லும் தொந்தரவுக்கும் பொருத்தம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சோதனைகளின் வரிசையை முடிவு செய்யுங்கள்

வரிசை மாறினால் முடிவே கெட்டுவிடும் என்பதால் இதைத் தனிப் படியாக வைத்திருக்கிறேன்.

பார்வைக் கூர்மை, நிறப் பார்வை, பார்வைப் புலம் ஆகியவற்றை முதலில் அளந்துகொள்ளுங்கள். அடுத்தது விழித்திரையின் மின் துலங்கலை அளக்கும் ஈஆர்ஜி. அதற்கு நோயாளி 20 நிமிடம் முழு இருட்டில் இருக்க வேண்டும். பளிச்சென்ற வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு உடனே ஈஆர்ஜிக்கு அனுப்பினால் குச்சி செல்கள் மீண்டிருக்காது. துலங்கல் பொய்யாகக் குறைந்து காட்டும். ஆகவே ஈஆர்ஜியை முன்னால் வையுங்கள். முடியாவிட்டால், படம் எடுத்தபின் சாதாரண அறை வெளிச்சத்தில் குறைந்தது 30 நிமிடம் உட்கார வைத்து, அதன் பிறகே இருட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பின்னர் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி, விழித்திரை தானாக உமிழும் ஒளியைப் பிடிக்கும் தன்னொளிர்வுப் படம், வண்ணப் படம். ஃப்ளோரசீன் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் தேவைப்பட்டால் அதைக் கடைசியில் எடுங்கள். சாயம் உள்ளே போனபின் தன்னொளிர்வுப் படம் எடுத்தால் சாயத்தின் ஒளிதான் படத்தில் நிறையும்.

மூன்றாம் படி: ஓசிடியை அடுக்கடுக்காகப் படியுங்கள்

சாதாரண வண்ணப் படத்தில் விழித்திரை ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். பின்னால்தான் இரத்தக் குழாய்கள் மெலியும், பார்வை நரம்பு வெளிறும். அந்த இடைவெளியில் பழுதைக் காட்ட வல்லது ஓசிடி. விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல அதன் அடுக்குகளைச் சில மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் இது காட்டும். 1991-ல் அறிமுகமான இந்த நுட்பம் வராமல் இருந்திருந்தால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

எடுக்கும்போது விழித்திரையின் நடுப்புள்ளியான ஃபோவியா வழியாகச் செல்லும் ஒற்றைக் கோட்டோடு நின்றுவிடாதீர்கள். இந்நோயில் ஃபோவியா கடைசிவரை தப்பித்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள பகுதிதான் முதலில் போகும். ஃபோவியாவை உள்ளடக்கிய நடுப்பகுதியான மாகுலா முழுவதையும் மூடும் நெருக்கமான கோடுகள், இரத்தக் குழாய் வளைவுகளைத் தாண்டிப் போகும் நீளமான கிடைக்கோடு ஒன்று, செங்குத்துக் கோடு ஒன்று ஆகியவை தேவை. கருவியில் அகல லென்ஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பல ஸ்கேன்களைச் சராசரியாக்கும் அமைப்பைப் போட்டு வையுங்கள். கண் வறண்டிருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்து எடுங்கள். மங்கலான படத்தில் வெளிப் பட்டைகள் அழிந்ததுபோலவே தோன்றும்.

இனி படிப்பது. படத்தின் அடிப்பகுதியில், வெளி விழித்திரையில், நான்கு வெண்மையான கோடுகளைத் தேடுங்கள். மேலிருந்து கீழாக: மெல்லியதாக, மங்கலாக ஓடும் வெளி எல்லைச் சவ்வு, அதன் கீழே பளிச்சென்று தெரியும், ஒளியுணர் செல்களுக்கு உரிய எலிப்சாய்டு பட்டை, அடுத்து, ஒளியுணர் செல்களின் நுனிகள் நிறமிப் படலத்தோடு கோத்துக்கொள்ளும் மங்கலான பட்டை, கடைசியில் எல்லாவற்றிலும் தடிமனான நிறமிப் படலம். வெளி எல்லைச் சவ்வுக்கு மேலே கறுப்பாகத் தெரிவது ஒளியுணர் செல்களின் உட்கருக்கள் அடுக்கியிருக்கும் வெளிக்கரு அடுக்கு.

ஆரோக்கியமான கண்ணில் எலிப்சாய்டு பட்டை ஒரே சீராக ஓடும். இந்நோயில் அது முதலில் மங்கும், பிறகு துண்டு துண்டாகும், பிறகு மறையும். மங்கிய இடத்துக்கு நேர் மேலே வெளிக்கரு அடுக்கு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் செல்கள் உண்மையிலேயே இறந்திருக்கின்றன. பட்டை மங்கி அடுக்கின் தடிமன் குறையாமல் இருந்தால், படத்தின் குறையாக இருக்கலாம். அல்லது செல்கள் நோயுற்றும் இன்னும் உயிரோடு இருக்கலாம். பின்னதுதான் சிகிச்சைக்கு ஏதாவது பயன் கிடைக்கக்கூடிய கட்டம். ஆகவே இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பொறுமையாக நேரம் செலவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ஒளிக்கற்றை கண்மணியின் நடுவில் நுழையாமல் ஓரமாக நுழைந்தால் படத்தில் விழித்திரை சாய்ந்து தெரியும். அப்போது ஒரு பக்கத்தில் ஒளியுணர் செல்களின் நார்கள் ஓடும் ஹென்லே நாரடுக்கு வெண்மையாக மாறி, வெளிக்கரு அடுக்கு மெலிந்ததுபோலக் காட்டும். மறுபக்கத்தில் அது தடித்ததுபோலத் தெரியும். சாய்ந்த படத்தை வைத்துத் தடிமனை அளக்காதீர்கள். கருவியைச் சற்று நகர்த்தி, விழித்திரை மட்டமாகத் தெரியும்போது மீண்டும் எடுங்கள்.

சிலரிடம் உள்கரு அடுக்கில் சிறு நீர்க்குமிழிகளும் தெரியும். ஆஞ்சியோகிராமில் அந்த இடத்தில் கசிவு தெரியாமல் இருக்கலாம். இவற்றைப் பார்த்ததும் நீரிழிவு வீக்கம் என்று முடிவு கட்டாமல், வெளிப் பட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காம் படி: தன்னொளிர்வுப் படம்

நிறமிப் படலத்தில் லிப்போஃபஸ்சின் என்ற கழிவுப்பொருள் சேர்கிறது. சுமார் 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைப் பாய்ச்சினால் அது தானாக ஒளிரும். ஒளியுணர் செல்கள் அழிந்த இடத்தில் அவற்றின் ஒளி விழுங்கும் நிறமியும் போய்விடுவதால் அடியிலுள்ள ஒளிர்வு கூடுதலாகத் தெரியும். நிறமிப் படலமே அழிந்துவிட்டால் அந்த இடம் கறுத்துப்போகும்.

தேட வேண்டியது, மாகுலாவைச் சுற்றி அமைந்த ஒளிரும் வளையம். பல நோயாளிகளிடம் இது தெரிகிறது. வளையத்துக்கு உள்ளே எலிப்சாய்டு பட்டை பிழைத்திருக்கும், வெளியே அழிந்திருக்கும். ஓசிடியையும் தன்னொளிர்வுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வளையத்தின் விளிம்பும் பட்டை அறுபடும் இடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பார்வைப் புலத்தின் வளையக் குருட்டுப் பகுதியும் அதே இடத்தில் விழுந்தால், மூன்று வெவ்வேறு வழிகளில் ஒரே பழுது உறுதியாகிவிடுகிறது. 200 பாகை வரை ஒரே படத்தில் அடக்கும் அகலப் புலக் கருவி இருந்தால் ஓரங்களையும் எடுத்துவிடுங்கள்.

தன்னொளிர்வுப் படம் தனித்துக் கைகொடுக்கும் இன்னொரு நோயும் உண்டு: கட்டி சுரக்கும் ஏதோ ஒரு காரணியால் இரண்டு கண்களிலும் கண்சுவரின் நடு அடுக்கான யுவியா படலத்தின் மெலனின் செல்கள் பரவலாகப் பெருகும் நோய். இதில் ஒட்டகச்சிவிங்கியின் தோலைப்போல வட்டவட்டமான திட்டுகள் படத்தில் தெரியும். ஓசிடியில் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கியிருக்கும், அல்ட்ராசவுண்டில் யுவியா தடித்திருக்கும், கண்புரை மிக வேகமாக முற்றும். பெண்களிடம் சினைப்பை, கருப்பைப் புற்றுகளும் ஆண்களிடம் நுரையீரல் புற்றும் இதோடு அதிகம் தொடர்புடையவை. இந்தப் படத்தைக் கண்டால் மற்றப் படிகளுக்குக் காத்திராமல் புற்றுநோய்த் தேடலைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கூம்பு செல்லையும் தனித்தனியே காட்டும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வியப்பூட்டும் கருவிகள்தான். ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கின்றன. இந்நோயைக் கண்டறிய அவை கட்டாயமில்லை. ஓசிடி ஆஞ்சியோகிராமும் அப்படியே.

ஐந்தாம் படி: படங்கள் சுத்தமாக இருந்தால் ஈஆர்ஜியை நம்புங்கள்

மெலனோமா தொடர்பான வகையில் ஓசிடியும் தன்னொளிர்வுப் படமும் முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ஒளியுணர் செல்கள் உயிரோடு இருக்கின்றன. அவை தரும் செய்தியை இருமுனை செல்கள் வாங்கிக்கொள்ளவில்லை. இது எந்தப் படத்திலும் தெரியாது. இருட்டறை ஈஆர்ஜியில் பலமான ஒளிக்கு, ஒளியுணர் செல்கள் தரும் ஏ அலை இயல்பாக இறங்கும். ஆனால் அதைத் தொடர்ந்து எழ வேண்டிய, இருமுனை செல்கள் சார்ந்த பி அலை எழாது. இதை எதிர்மறை ஈஆர்ஜி என்பார்கள். பிறவி மாலைக்கண் நோயின் ஒரு வகையிலும் இதே வடிவம் வரும். நடுவயதுக்குப் பிறகு புதிதாக மாலைக்கண் வந்தவரிடம் இது தெரிந்தால் தோல் மருத்துவரிடம் உடனே அனுப்புங்கள்.

மற்றப் புற்றுநோய்களின் வகையில் ஏ, பி இரண்டு அலைகளும் குறையும். ஓசிடியில் சிறு மாற்றம் மட்டும் தெரிய, ஈஆர்ஜி பெருமளவு குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. விழித்திரை முழுவதும் செயலிழந்துகொண்டிருக்கிறது, நாம் படம் எடுத்த பகுதி இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஆறாம் படி: ஒத்த தோற்றமுள்ள நோய்களைப் பிரியுங்கள்

அதிகக் குழப்பம் தருவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற மரபுநோய். அதே ஒளிரும் வளையம், அதே பட்டை இழப்பு, அதே ஈஆர்ஜி. ஒரு நாளில் எடுத்த படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது பல நேரம் முடியாத காரியம். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது: மரபுநோய் ஆண்டுக்கணக்கில் நகரும், இது மாதக்கணக்கில் ஓடும்.

எனவே பழைய படங்களைத் தேடிப் பிடியுங்கள். கண்ணாடி மாற்றப் போன இடத்திலோ, நீரிழிவுப் பரிசோதனைக்குப் போன இடத்திலோ ஒரு ஓசிடி எடுத்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழுமையாக இருந்த எலிப்சாய்டு பட்டை இன்று பாதி இல்லை என்றால், அதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. பழைய படம் இல்லையென்றால் சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அதற்கிடையில் குடும்ப வரலாற்றையும் மரபணுச் சோதனையையும் பார்த்துவிடலாம்.

விழித்திரையின் வெளி அடுக்கைத் தாக்கும் அழற்சி நோய்களும் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு கண்ணில் அல்லது சமமில்லாமல் வரும். பாதித்த பகுதிக்கும் பாதிக்காத பகுதிக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு தெரியும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் எந்த விழித்திரை நோயின் வேடத்தையும் போடக்கூடியது. அதன் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். வைட்டமின் ஏ குறைபாட்டை ஒரு இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், அதைச் சரியும் செய்யலாம். மூட்டுவாதம் போன்றவற்றுக்கு நீண்டகாலம் எடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தும் வெளி விழித்திரையைக் கெடுக்கும்.

ஏற்கனவே புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரிடம் மருந்தின் பங்கையும் எடைபோட வேண்டும். மெக் என்ற புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளால் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும். நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கலாம். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: ஆன்டிபாடிச் சோதனையை அதற்குரிய இடத்தில் வையுங்கள்

விழித்திரைக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் காணப்படுகின்றன. ஒரே இரத்த மாதிரிக்கு இரண்டு ஆய்வகங்கள் வேறு வேறு முடிவு தருவதும் உண்டு. ரெகவரின் ஆன்டிபாடிக்கு மற்றவற்றைவிட அதிக மதிப்பு கொடுக்கலாம். ஆனால் படங்களும் ஈஆர்ஜியும் இயல்பாக இருக்கும் ஒருவருக்கு இந்தச் சோதனையைச் செய்தால் வீண் பயம்தான் மிஞ்சும். முடிவு எதிர்மறையாக வந்ததற்காகச் சந்தேகத்தைக் கைவிடுவதும் தவறு. இரத்தத்தை இம்யூனோகுளோபுலின் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பலருடைய இரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடிகள் அந்த மருந்தில் இருப்பதால் பின்னால் எடுத்த மாதிரி குழப்பிவிடும்.

எட்டாம் படி: புற்றைத் தேடுங்கள்

கண் மருத்துவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல இது. அனுப்பும் கடிதத்தில் "பார்வைக் குறைவு" என்று மட்டும் எழுதாமல், "புற்றுநோய்சார் விழித்திரை நோய் என்று சந்தேகிக்கிறோம், இதுவரை தெரியாத கட்டி இருக்கலாம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஓசிடி ஒப்பீட்டையும் ஈஆர்ஜியையும் இணையுங்கள். மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் சிடி ஸ்கேன் அல்லது பெட் சிடி, பெண்களுக்கு மேமோகிராமும் இடுப்பு அல்ட்ராசவுண்டும், வயதுக்கேற்ற மற்றப் பரிசோதனைகள், உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் பரிசோதனை ஆகியவை வழக்கமாக நடக்கும்.

நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்து வையுங்கள். புற்று இல்லாமலேயே தன்னெதிர்ப்பு விழித்திரை நோய் வருவதும் உண்டு. அதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். "இருக்கலாம், அதனால் தேடுகிறோம், இல்லையென்றால் நல்லது" என்ற நேரடியான பேச்சுதான் அவருக்குத் தெம்பு தரும்.

ஒன்பதாம் படி: தொடர்ந்து பாருங்கள்

இறந்த ஒளியுணர் செல்கள் திரும்ப வருவதில்லை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இதுதான் சிகிச்சை என்று அனைவரும் ஏற்ற ஒரே முறை இன்னும் இல்லை. புற்றை அகற்றினால் மட்டும் பார்வை திரும்பும் என்றும் எதிர்பார்க்க முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பதே நோக்கம். அது நடக்கிறதா என்பதைப் படங்கள்தான் சொல்லும்.

அதற்கு ஒவ்வொரு முறையும் அதே கருவியில், அதே அமைப்பில், முந்தைய ஸ்கேனின் அதே இடத்தைத் தானாகப் பிடிக்கும் தொடர் ஒப்பீட்டு முறையில் ஓசிடி எடுங்கள். ஃபோவியா வழிச் செல்லும் கோட்டில் எலிப்சாய்டு பட்டை எவ்வளவு நீளம் பிழைத்திருக்கிறது என்று மைக்ரோமீட்டரில் அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். தன்னொளிர்வு வளையத்தின் அகலத்தையும் அப்படியே குறியுங்கள். பார்வைக் கூர்மை மாறாமல் இருக்கும்போதே இந்த இரண்டு எண்களும் சுருங்கத் தொடங்கிவிடும். சிகிச்சையை மாற்ற வேண்டிய நேரம் அது.

முதல் தேடலில் கட்டி எதுவும் கிடைக்காவிட்டாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். கண் நோய் முந்திக்கொண்டு, ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கட்டி வளரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். புற்றுநோய் சார்ந்த நரம்பு நோய்களில், சந்தேகம் வலுவாக இருந்தால் 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை 2 ஆண்டுகள் வரை மீண்டும் தேடுவது வழக்கம். அதையே இங்கும் அளவாகக் கொள்ளலாம். நோயாளி அடுத்த ஓசிடிக்குத் தேதி வாங்கும்போதே அடுத்த உடல் ஸ்கேனுக்கான தேதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.